உள்ளே மடித்த இரண்டு அங்குலம்

ஜனவரி 9

அண்ணா,

இங்கே நான், என் தையல் மெஷின், என் முதுகுவலி மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் அண்ணியும் எப்படி? போனில் பேசினால் பாதியிலேயே கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறாய். அதனால் இனிமேல் கடிதம்தான். இதைப் பாதியில் தூக்கிப் போட்டாலும் மீதி அங்கேயேதான் கிடக்கும். என்றைக்காவது படித்துத்தான் ஆகவேண்டும்.

நீ வரைந்து அனுப்பிய ப்ளான்படிதான் என் வீடு எழும்புகிறது. கிட்டத்தட்ட. யாராவது உன்னிடம் போட்டுக்கொடுப்பதற்குள் அந்தக் கிட்டத்தட்டவை நானே சொல்லிவிடுகிறேன்.

சுவர் எழுப்பும்போது ஒவ்வொரு கதவுக்கும் எவ்வளவு இடம் விடவேண்டும் என்று மேஸ்திரி கேட்டார். ப்ளானை என் தையல் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அளவெல்லாம் எனக்கு மனப்பாடம்தானே, கடகடவென்று சொல்லிவிட்டேன். ஆனால் இத்தனை வருஷம் துணி வெட்டினவளுக்கு அளவை அப்படியே சொல்ல வாய் வருமா? சட்டை வெட்டும்போது பக்கத்துக்கு இரண்டு அங்குலம் உள்ளே மடித்து விடுவேன். நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். அந்தப் பழக்கம் இங்கேயும் புகுந்துவிட்டது. எல்லாக் கதவுக்கும் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். சத்தியமாக எனக்கே தெரியாது.

நேற்று தச்சர் உன் ப்ளானைப் பார்த்துச் செய்த கதவு நிலைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒவ்வொன்றும் பெரியவர் சட்டைக்குள் நிற்கிற சின்னப் பிள்ளை மாதிரி ஆடுகிறது.

"என்னம்மா இது? நீங்க அளவு சொன்னது வீட்டுக்கா, பாவாடைக்கா?" என்றார் மேஸ்திரி.

"ரெண்டுக்கும் அதே டேப்புதானே!" என்றேன். வேறு என்ன சொல்ல?

இரண்டு பக்கமும் செங்கல் வைத்து அடைத்துவிடலாம் என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முன் ஒரு துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் வெளியே வந்து பார்த்தேன். எங்கேயும் முழங்கை இடிக்கவில்லை. நன்றாக இருந்தது. "அடைக்க வேண்டாம், நிலைய மாத்துங்க" என்றேன். தச்சர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். உன் கடிதத்துக்கு அடியில் அவர் வழக்கம்போல இரண்டு வரி எழுதாவிட்டால் அந்தக் கடிதம் என்னிடம் செல்லாது.

உன் வாயாடி

*

ஜனவரி 24

வாயாடிக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் கடிதம் வந்த அன்று எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியது. மற்றபடி குறையில்லை.

ஊருக்கெல்லாம் வீட்டு ப்ளான் வரைந்து கொடுத்தே தலை நரைத்தவன் நான். என் ப்ளானில் தையல் போட்ட முதல் ஆள் நீதான். சின்ன வீட்டுக்கு அகலக் கதவு வைத்தால் வீடு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், உன்னைப் போலவே.

போனது போகட்டும். இனியாவது நான் சொல்வதைக் கேள். ஜன்னல்களுக்கு மேலே மழை மறைப்பு கட்டாயம் வை. மொட்டைமாடித் தளத்தைக் குழாய் இருக்கிற பக்கம் சரித்துவிடச் சொல், பக்கத்திலேயே நின்று பார். குளியலறைத் தரைக்கு என் வீட்டில் போட்டது மாதிரி பளபளவென்று முகம் தெரிகிற டைல்ஸ் போடு. என் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் விசாரிக்கிறார்கள்.

வீடு முடிந்ததும் வாடகைக்கு விட்டுவிட்டு இங்கே வந்துவிடு. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அந்த மனுஷன் உன்னை விட்டுப் போன பிறகு ஒண்டிக்கட்டையாகக் காலம் தள்ளியது போதாதா? தனியாக ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாருக்காக விளக்குப் போடப் போகிறாய்? எங்கள் மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். எங்கள் மாடி அறை சும்மாதான் கிடக்கிறது.

அண்ணன்

*அம்மாடி, கதவைக் குறைத்துவிடாதே! உன் அண்ணன் வைத்த கதவுகளில் துவைத்த துணிக் கூடையோடு நுழைய நான் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கிறேன். கேட்டால் "அழகு" என்கிறார். நண்டுக்கு என்ன அழகு? — அண்ணி*

*

பிப்ரவரி 15

அண்ணா,

உன் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். எதற்கும் இதை உட்கார்ந்துகொண்டே படி. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. சிமெண்டுத் தூசியில் இருமல், அவ்வளவுதான்.

வீட்டை வாடகைக்கு விடமாட்டேன். நான் குடியிருந்த வீடுகளில் ஒரு இடத்தில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஒரு இடத்தில் விளக்கு வைத்த பிறகு மெஷின் ஓடக் கூடாது. ஒரு வீட்டுக்காரம்மா நான் துணி காயப்போடுகிற கொடி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதையும் முடிவு செய்தார். போதுமடா சாமி. என் சுவரில் என் ஆணியை நான் அடிக்க வேண்டும். கோணலாக அடித்தாலும் கேட்க ஆள் இருக்கக் கூடாது. யாருக்காக விளக்குப் போடப் போகிறாய் என்று கேட்டாயே, எனக்காகத்தான். ஏன், நான் ஆள் இல்லையா?

சமையல் மேடையில் ஒரு சண்டை நடந்தது. மேஸ்திரி எனக்குத் தொப்புள் உயரத்துக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லார் வீட்லயும் இதான்மா உயரம்."

"எல்லாரும் வந்தா எனக்குப் பாத்திரம் தேய்க்கப் போறாங்க? நான் நிக்கிறேன், முழங்கைய மடக்கறேன், அதுக்குக் கீழ ஒரு சாண் அளந்து கோடு போடுங்க."

போட்டார். இப்போது குனியாமல் நின்று வேலை செய்து பார்க்கிறேன். முதுகு என்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறது. அண்ணி, நீங்களும் உங்கள் மேடையை ஒரு தடவை அளந்து பாருங்கள். அது உங்கள் உயரத்துக்குக் கட்டியதா, வரைபடத்தின் உயரத்துக்கா என்று தெரிந்துவிடும்.

முகம் தெரிகிற டைல்ஸ் வேண்டாம். குளிக்கும்போது என் முகத்தை நான் பார்த்து என்ன ஆகப் போகிறது? கடையில் ஒரு மூலையில் சொரசொரப்பானது மிச்சம் கிடந்தது, அதையே எடுத்துவிட்டேன். மழை மறைப்பும் வேண்டாம். வெளிச்சத்தை மறைக்கும். முறைக்காதே.

உன் வாயாடி

*

ஏப்ரல் 2

தங்கைக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கொஞ்சம் அலைச்சல்.

குளியலறையில் வழுக்குகிற டைல்ஸ் போடாதே. முன்பு நான் எழுதியதை மறந்துவிடு. ஏற்கெனவே சொரசொரப்பானது வாங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். நல்லது. அதையே போடு.

வேலை எந்த மட்டில் இருக்கிறது? முடிந்ததும் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு உடனே புறப்படு. வாடகைக்கு ஆள் பார்ப்பதெல்லாம் பிறகு. தையல் வேலையை இங்கேயும் செய்யலாம்.

அண்ணன்

*

ஏப்ரல் 20

அண்ணா,

உனக்கு என்ன ஆயிற்று? பளபள டைல்ஸுக்குக் கொடி பிடித்தவன் நீ. ஒரே கடிதத்தில் கட்சி மாறிவிட்டாய். "வாயாடிக்கு" போய் "தங்கைக்கு" வந்திருக்கிறது. அடியில் அண்ணியின் இரண்டு வரியைக் காணோம். என்னோடு கோபமா? நான் மேடை உயரத்தைப் பற்றி எழுதியதில் உங்களுக்குள் ஏதாவது சண்டையா? அப்படியென்றால் சண்டையில் நான் அண்ணி பக்கம், குறித்துக்கொள்.

குடிவந்துவிட்டேன். பூட்டும் இல்லை, புறப்பாடும் இல்லை. முதல் நாளே சுத்தியலை எடுத்து ஒரு ஆணி அடித்தேன். காரை பெயர்ந்து கையளவு பள்ளம் விழுந்தது. பரவாயில்லை, அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டிவிட்டேன். என் பள்ளம், என் காலண்டர்.

வீட்டுக்குள் வந்து படுத்தால்தான் அதன் குணம் தெரிகிறது. படுக்கையறை ஸ்விட்ச் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. விளக்குப் போட உள்ளே வந்து கதவைச் சாத்தி இருட்டில் தடவ வேண்டும். குளியலறைத் தரை, தண்ணீர் போகிற துளையை விட்டு எதிர் மூலைக்குச் சரிகிறது. குளித்து முடித்ததும் துடைப்பத்தால் தண்ணீரைப் பிடித்துத் தள்ளி வழியனுப்பி வைக்கிறேன். போன வாரம் அடித்த மழையில் ஜன்னல் வழியாக வெள்ளம் வந்து தைத்து முடித்த துணியெல்லாம் நனைந்தது. மழை மறைப்பு விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. இந்த ஒரு வரியை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள், இனி இப்படி ஒரு வரி என்னிடமிருந்து வராது.

அண்ணி, ஒரு வரியாவது எழுதுங்கள்.

உன் வாயாடி

*

மே 8

தங்கைக்கு,

நீ புது வீட்டுக்குக் குடிபோனது சந்தோஷம். எங்களுக்குச் சுகம்தான்.

அண்ணி குளியலறையில் கொஞ்சம் வழுக்கி விழுந்துவிட்டாள். பயப்பட ஒன்றுமில்லை, தேறிக்கொண்டிருக்கிறாள். கை ஓய்ந்திருப்பதால் எழுதவில்லை.

நான் வெளிப்படையாகக் கேட்கிறேன். உனக்குப் பிள்ளையா குட்டியா? அந்த வீட்டில் உனக்காக யார் காத்திருக்கிறார்கள்? இங்கே உன் உதவி தேவைப்படுகிறது. கூடப்பிறந்தவன் வாய்விட்டுக் கேட்டும் ஒருத்தி நான்கு சுவரைக் கட்டிக்கொண்டு அழுவாளா? மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டேன். இந்த மாதக் கடைசிக்குள் வந்து சேர். வந்தால் இனி இங்கேதான் என்று முடிவு செய்துகொண்டு வா. வந்து வந்து போகிறதெல்லாம் சரிப்படாது.

அண்ணன்

*

மே 20

அன்பான அண்ணிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் உங்களைத்தான் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை அண்ணன் பிரித்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. படிக்கட்டும்.

"கொஞ்சம் வழுக்கி விழுந்துவிட்டாள்" என்று எழுதியிருக்கிறார். கொஞ்சம் வழுக்கி விழுந்தவரைப் பார்த்துக்கொள்ள வீட்டைப் பூட்டிவிட்டு ஆயுசுக்கும் வா என்று ஒருத்தியைக் கூப்பிடுவார்களா? என் காதில் பூ சுற்றுகிறார். நீங்கள் சொல்லுங்கள். உண்மையிலேயே என்ன? வலிக்கிறதா? நடக்கிறீர்களா? நான் வர வேண்டுமா? நீங்கள் வா என்றால் ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிடுவேன். அவர் கூப்பிட்டு வருவது வேறு, நீங்கள் கூப்பிட்டு வருவது வேறு.

உங்கள் நாத்தனார்

*

ஜூன் 4

அம்மாடி,

உன் இருமல் போய்விட்டதா? எனக்குக் கை நன்றாகத்தான் இருக்கிறது. எழுதாததற்குக் காரணம் கை இல்லை. எழுதினால் உண்மையை எழுதிவிடுவேன் என்று உன் அண்ணன் கடிதத்தை என்னிடம் காட்டாமலே ஒட்டிவிட்டார். இதைப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

மார்ச் மாதம் விழுந்தேன். அந்த முகம் தெரிகிற தரையில்தான். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். கால் பழையபடி ஆகாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். கூடத்தில் நான்தான் ராணி, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஊர்வலம் போகிறேன். ஆனால் குளியலறைக் கதவுக்குள் வாக்கர் நுழையாது. போதாததற்குக் கீழே காலை இடறுகிற கட்டை வேறு.

அதனால் வாக்கரை வெளியே விட்டுவிட்டு உன் அண்ணன் என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து உள்ளே இறக்குகிறார். அவருக்கு மூச்சு வாங்குகிறது. இரண்டு பேரும் சேர்ந்து விழப்போகிற நாள் தூரத்தில் இல்லை. அவர் கடைக்குப் போனால் வரும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன். இதையெல்லாம் எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். சமைக்கிறார், உப்பு மட்டும் அவர் இஷ்டம். என் தலையைக்கூட வாரிவிடுகிறார். ஆனால் "இந்தக் கதவ அகலப்படுத்துங்க" என்று சொன்னால் மட்டும் காது கேட்காதவர் ஆகிவிடுகிறார். மறுபடி சொன்னால், "தங்கச்சி வந்துட்டா எல்லாம் சரியாயிடும். ரெண்டு பேரா உன்ன தூக்கிடுவோம்" என்கிறார். நான் என்ன பீரோவா?

நீ வந்தால் என்னைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்வாய். அதனால்தான் சொல்கிறேன், வராதே. நீ வந்துவிட்டால் அந்தச் சுவர் அப்படியே நிற்கும். அகலப்படுத்தாத கதவுக்குப் பதிலாக உன்னைக் கொண்டுவந்து நிறுத்துவார். நீ உன் வீட்டை விட்டுவிட்டாய், நான் இன்னும் தூக்கத்தான் படுகிறேன் என்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடப்போம். எனக்கு ஆள் வேண்டாம். அகலமான கதவு வேண்டும்.

உன் அண்ணி

*

ஜூன் 11

அண்ணா,

நீ நலமா என்று இந்தக் கடிதத்தில் கேட்கமாட்டேன். அண்ணி எனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டார். அவர்மேல் பாய்ந்தாய் என்று கேள்விப்பட்டால் அப்புறம் நான் மனுஷியாக இருக்கமாட்டேன்.

படித்துவிட்டு அழுதேன். பெட்டியை எடுத்து நான்கு புடவையைக்கூட உள்ளே வைத்துவிட்டேன். நான் போகாவிட்டால் அந்த மனுஷி தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே! கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். பிறகு அண்ணியின் கடிதத்தை மறுபடி படித்தேன். புடவைகளை எடுத்துப் பழையபடி அடுக்கிவிட்டேன். இப்போது கோபம் மட்டும்தான் இருக்கிறது.

நான் அங்கே குடியிருக்க வரமாட்டேன். இந்த மாதக் கடைசிக்கும் வரமாட்டேன், அடுத்த வருஷக் கடைசிக்கும் வரமாட்டேன். மாடி அறைக்கு அடித்த வெள்ளை வீணாகட்டும்.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். என் கடைக்கு ஒருவர் வந்து, "அக்கா, சட்ட கக்கத்துல பிடிக்குது" என்றால் நான் என்ன செய்ய வேண்டும்? தையலைப் பிரித்துவிட வேண்டுமா? இல்லை, "சட்டை அழகா வந்திருக்கு, பிரிக்க முடியாது. உங்க வீட்ல இருந்து ஒருத்தர கூட்டிட்டு வாங்க, நாள் முழுக்க உங்க கைய தூக்கிப் பிடிச்சுக்கட்டும்" என்று சொல்ல வேண்டுமா? நீ இரண்டாவதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய். கையைத் தூக்கிப் பிடிக்கிற ஆள் நான்.

எனக்கு மாதிரிக்காக நீ அனுப்பிய உன் வீட்டு ப்ளான் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் குளியலறைச் சுவரை என் மேஸ்திரியிடம் காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது வெறும் தடுப்புச் சுவர்தான்மா, எந்தப் பாரமும் தாங்கல. கதவுக்கு மேல ஒரு புது லிண்டல் சட்டம் வச்சு முட்டுக் குடுத்துட்டு ரெண்டு பக்கமும் வெட்டிடலாம். ஒரு பக்கம் தண்ணிக் குழாய் போகுது, அத மட்டும் திருப்பணும். கால இடறுற கட்டையையும் எடுத்துட்டு, சொரசொரப்பா தரை போட்டுடலாம். ஒரு வார வேல." இது எனக்கு முன்பு உனக்குத் தெரியும். தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே, உன் தொழிலுக்கு அவமானம்.

ஒரு வாரம் செங்கல் தூசியில் மூக்கைப் பொத்திக்கொண்டு இருக்க உன்னால் முடியாது. ஆனால் நான் மட்டும் கடைசிவரை என் வீட்டைவிட்டு இருக்கலாம். என்னை என்னவென்று நினைத்தாய்? பிள்ளைகுட்டி இல்லாதவள் என்றால் எங்கே வேண்டுமானாலும் முட்டுக் கொடுக்கலாம் என்றா? அந்தச் சுவரை இடி.

வாயாடி

*

ஜூன் 29

தங்கைக்கு,

என் வீட்டுச் சுவரை இடிக்கச் சொல்ல நீ யார்? கதவளவைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவள் எனக்குக் கட்டடம் சொல்லிக்கொடுக்கிறாயா?

இதை எழுதி நாலைந்து நாள் மேஜைமேல் கிடந்தது. கிழித்துப் போட மனம் வரவில்லை. மீதியையும் எழுதிவிடுகிறேன்.

அது பாரம் தாங்காத சுவர்தான். எனக்குத் தெரியும். குழாயைத் திருப்பவும் தெரியும். அந்த டைல்ஸைக் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியவனும் நான்தான். போட்ட வாரமே, "வழுக்குதுங்க" என்றாள். "பாத்து நட" என்றேன். இப்போது நான் அந்தக் கதவை இடித்தால் என்ன அர்த்தம்? அவள் விழுந்தது என்னால்தான் என்று நானே சுத்தியல் எடுத்து எல்லோருக்கும் சொன்னதாகும். இடிக்காமல் இருந்தால் ஏதோ கெட்ட நேரம் என்றாவது சொல்லிக்கொண்டு படுக்கலாம். நீ அதையும் பிடுங்கப் பார்க்கிறாய்.

சுவரில் யாரும் கைவைக்க விடமாட்டேன். தங்குவதற்கு வருவதானால் வா. இல்லையென்றால் வர வேண்டாம், கடிதமும் வேண்டாம்.

அண்ணன்

*

ஜூலை 6

அண்ணா,

நான் நலம். என் மேஸ்திரியும் நலம். சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் வந்து இறங்குகிறோம். அவர் சாமான்களையும் கொண்டுவருகிறார். ஊர் திரும்ப எனக்கு இப்போதே டிக்கெட் எடுத்தாயிற்று.

நீ கதவைச் சாத்திக்கொண்டால் வாசலில் உட்கார்ந்து தெரு முழுக்கக் கேட்கும்படி பேசுவேன். என் வாய் உனக்குத் தெரியும். அண்ணி விழுந்தது யாரால் என்று நான் பேசமாட்டேன், அதை நீயும் பேசாதே. அது நடந்துவிட்டது. இன்றைக்கு அவர் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாரே, இதுவும் கெட்ட நேரமா? இதற்குத் தெரிந்தும் சும்மா இருக்கிற நீயும் நானும் மட்டும்தான் காரணம். என் பங்குக்கு நான் வருகிறேன்.

போய் லிண்டலுக்கு முட்டுக்கட்டை வாங்கி வை. இல்லாவிட்டால் அதையும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

வாயாடி

*

ஆகஸ்ட் 3

அம்மாடி,

உன் வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? வேலையெல்லாம் குவிந்திருக்குமே, ஆட்கள் வந்து திட்டினார்களா? ஒரு வாரம் முழுக்க இங்கே தூசியும் சத்தமுமாக இருந்துவிட்டு, நீ போன பிறகு வீடு காது அடைத்தது மாதிரி இருக்கிறது.

நீ துணி எடுக்கக் கடைக்குப் போயிருந்தாய் பார், அந்த இரண்டாம் நாள் மத்தியானம், அப்போது நடந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் நாள் முழுக்க உன் அண்ணன் மாடியிலிருந்து இறங்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாரே. அன்றைக்கு மேஸ்திரி உளியை வைத்துத் தட்டுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் படியில் நின்று கேட்டார். பிறகு தாங்கவில்லை. "யோவ், அங்க குழாய் போகுதுய்யா! தள்ளு, தள்ளு!" என்று கத்திக்கொண்டே இறங்கி ஓடிவந்து உளியைப் பிடுங்கிக்கொண்டார். அப்புறம் அவரிடமிருந்து அதை யாரால் வாங்க முடிந்தது? சாயங்காலம் நீ வந்து பார்க்கும்போது வெள்ளைப் பூதமாக நின்றாரே, அது அதனால்தான். இடிக்கும்போது கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லித் துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் தூசி என்றே வைத்துக்கொண்டேன்.

நீ கிளம்பிய பிறகு ஈரம் காயட்டும் என்று உன் அண்ணன் ஒரு வாரம் யாரையும் உள்ளே விடவில்லை. நேற்றுத்தான் சரி என்றார். புது டைல்ஸை நான் பார்ப்பதற்கு முன்னால் தான் வெறுங்காலோடு ஈரத்தில் நடந்து காட்டினார். பிறகு என் பின்னாலேயே வந்து, "நான் பிடிச்சுக்கட்டுமா? பிடிச்சுக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். வாக்கரைத் தள்ளிக்கொண்டு போனேன். எங்கேயும் இடிக்கவில்லை.

உள்ளே போய்த் திரும்பி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். மார்ச் மாதத்திலிருந்து நான் ஒரு கதவையும் தாழிட்டதில்லை. குழாயைத் திறந்துவிட்டேன். அவர் வெளியே நின்று, "ஆச்சா? என்ன பண்றே? தாழ்ப்பாள் எதுக்கு போட்டே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆசை தீரக் குளித்துவிட்டு, எனக்கு எப்போது தோன்றியதோ அப்போது திறந்தேன்.

உன் அண்ணி